ஒன்ராறியோவில் குழந்தையைக் காரில் ஏற்றும் முன்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டொராண்டோவின் பியர்சன் விமான நிலைய வாசலில் அடிக்கடி காணும் காட்சி இது. வரவேற்க வந்த மாமா காரின் பின்கதவைத் திறக்கிறார். உள்ளே ஒரு குழந்தை இருக்கை பூட்டியிருக்கிறது. நீண்ட பயணத்தில் களைத்த குழந்தை அழுகிறது. அம்மம்மா கையை நீட்டி, "ஸ்காபரோவுக்கு எவ்வளவு தூரம்? நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்கிறார்.

அம்மம்மாவின் அன்பில் குறையே இல்லை. ஆனால் கணக்கு அவருக்கு எதிராக இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். இரண்டு நெல்மூட்டைகளை ஒரே வீச்சில் தாங்கிப்பிடிப்பதற்குச் சமம் அது. வயலில் உழைத்த கைக்கும் அது முடியாது. அதுவும் 50 என்பது குடியிருப்புத் தெருவின் வேகம். நெடுஞ்சாலை 401இன் வேகம் அதைப்போல் இரண்டு மடங்கு.

புதிதாக வந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இருக்கை பூட்டிக் கொடுத்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். சட்டத்தைச் சொல்வது எளிது. அதைச் சரியாகக் கடைப்பிடிப்பதில்தான் நாம் தவறுகிறோம். அதனால் அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

முதலில் சட்டம்

கனடாவில் ஆசனப்பட்டியை முதலில் கட்டாயமாக்கிய மாகாணம் ஒன்ராறியோ, ஆண்டு 1976. பூஸ்டர், அதாவது காரின் பட்டி சரியான இடத்தில் படியும்படி பிள்ளையை உயர்த்தும் இருக்கை, 2005 செப்டெம்பரில் கட்டாயமானது. சட்டம் குழந்தையின் எடை, உயரம், வயது மூன்றையும் பார்க்கிறது.

9 கிலோவுக்குக் குறைந்த குழந்தை பின்னோக்கிய இருக்கையில் இருக்க வேண்டும். அதாவது குழந்தையின் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்க்கும். 9 முதல் 18 கிலோ வரை, முன்னோக்கிய இருக்கையில், அந்த இருக்கையின் வார்களால் கட்டலாம். 18 கிலோவைத் தாண்டி, 36 கிலோவுக்குக் குறைவாகவும் 145 சென்ரிமீற்றருக்குக் குள்ளமாகவும் எட்டு வயதுக்குக் கீழும் உள்ள பிள்ளைக்குப் பூஸ்டர் வேண்டும். எட்டு வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டினால் காரின் ஆசனப்பட்டி மட்டும் போதும் என்கிறது சட்டம்.

பதினாறு வயதுக்குட்பட்ட எவர் காரில் இருந்தாலும் அவர் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறாரா என்று பார்ப்பது சாரதியின் பொறுப்பு. பிள்ளை சாரதியின் சொந்தப் பிள்ளையா, அயல்வீட்டுப் பிள்ளையா என்பது பொருட்டே இல்லை. தவறினால் 200 முதல் 1,000 டொலர் வரை தண்டம், கூடவே சாரதியின் பதிவில் 2 டிமெரிட் (குற்றப்) புள்ளிகள். புதிதாக வந்தவர்களில் பலர் ஜி2 என்னும், முழு அனுமதிக்கு முந்திய கட்ட அனுமதிப்பத்திரத்துடன் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு 9 புள்ளிகள் சேர்ந்தாலே அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும் என்பதால் இரண்டு புள்ளி என்பது சிறிய இழப்பன்று. வாகனக் காப்புறுதிக் கட்டணமும் உயரக்கூடும்.

வாங்குவது: எதைப் பார்த்து, எங்கே

எங்கள் முதற்பிள்ளைக்காக லண்டனிலிருந்து உறவினர் ஒருவர் அருமையான இருக்கை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். விலை கூடியது, ஒரு கீறல்கூட இல்லாதது. மூன்று வாரம் அதைப் பாவித்த பிறகுதான் அது இங்கே செல்லாது என்று தெரிந்தது. கனடாவில் பாவிக்கும் ஒவ்வொரு இருக்கையிலும் மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்புச் சின்னம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இருக்கையின் பக்கத்திலோ முதுகுப்புறத்திலோ அந்த ஒட்டியைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் லண்டன், பாரிஸ், சென்னை, கொழும்பு எங்கே வாங்கியிருந்தாலும் ஒன்றுதான். பஃபலோவுக்குப் போய் மலிவாக வாங்கிவரும் அமெரிக்க இருக்கைக்கும் இதே கதி. உறவினர் வரும்போது என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டால், உடுப்பும் விளையாட்டுச் சாமானும் கேளுங்கள்; இருக்கையை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று எண்ண வேண்டாம். அந்தச் சின்னம் உள்ள எல்லா இருக்கைகளும் மத்திய அரசின் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டவை. கூடுதல் விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மெத்தென்ற துணி, எளிதாகக் கழற்றும் வசதி, கோப்பை வைக்கும் குழி போன்றவை. உங்கள் குழந்தைக்கும் உங்கள் காருக்கும் பொருந்தி, நீங்கள் ஒவ்வொரு முறையும் பிழையில்லாமல் பூட்டக்கூடிய இருக்கைதான் நல்ல இருக்கை. கடையில் காட்சிக்கு வைத்திருப்பதைக் காரில் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சிறிய காரில் பின்னோக்கிய பெரிய இருக்கையைப் பூட்டினால் முன்னால் இருப்பவர் காலை நீட்ட முடியாமல் போவதுண்டு.

பற்றுச்சீட்டையும் ஒருமுறை பாருங்கள். ஒன்ராறியோவில் சிறுவர் கார் இருக்கைக்கும் பூஸ்டருக்கும் முழு 13 சதவீத வரி கிடையாது. மாகாணப் பங்கான 8 சதவீதம் கழிக்கப்பட்டு 5 சதவீதமே அறவிடப்படும்.

பிறர் பாவித்த இருக்கையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். புதிதாக வந்த குடும்பத்தின் பணநெருக்கடி எனக்குத் தெரியும். அக்கா வீட்டிலிருந்து, அதன் வரலாறு முழுவதும் தெரிந்த இருக்கை கிடைத்தால் வாங்கலாம். கேட்க வேண்டியவை: விபத்தில் பட்டதா? காலாவதித் திகதி என்ன? கையேடு இருக்கிறதா? குறை கண்டு அந்த இருக்கையை நிறுவனம் திரும்பப் பெற்றிருக்கிறதா? ஆம், பால்மாவைப் போல இதற்கும் காலாவதி உண்டு. அடிப்பக்கத்திலோ பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும். வெயிலும் உறைகுளிரும் மாறிமாறித் தாக்குவதால் பிளாஸ்டிக் தளர்கிறது. முன்பின் தெரியாதவர் இணையத்தில் விற்பதை வாங்காதீர்கள். மோதலில் உள்ளுக்குள் விட்ட வெடிப்பு வெளியே தெரியாது. விற்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருக்காது.

புதியதாக வாங்கினால் கூடவரும் பதிவு அட்டையை எறிந்துவிடாதீர்கள். நிரப்பி அனுப்பினால், இருக்கையில் குறை கண்டுபிடிக்கப்படும்போது உற்பத்தியாளர் உங்களுக்கே அறிவிப்பார்.

பூட்டுவது: அரைநாள் ஒதுக்குங்கள்

குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இதைச் செய்து பழகிவிடுங்கள். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குப் புறப்படும் நாளில், வாகனத் தரிப்பிடத்தில் நின்று கையேட்டைப் புரட்டும் தந்தையராக வேண்டாம். இருக்கையைக் காரில் பூட்டித்தருவது தாதியரின் வேலை என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு கையேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இருக்கையுடையது, மற்றது காருடையது. இரண்டையும் படிக்காமல் பூட்டுவது அரைகுறை வேலை. ஆங்கிலம் சிரமமாக இருந்தால் படங்களைப் பாருங்கள், பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

இடம் பின்னிருக்கைதான். பன்னிரண்டு வயது முடியும் வரை பிள்ளைகள் பின்னால் இருப்பதே நல்லது. பின்னோக்கிய இருக்கையை, இயங்கும் காற்றுப்பை உள்ள முன்னாசனத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் காற்றுப்பை இருக்கையின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்கு மிக அருகில், பெருவேகத்தில் அறையும்.

இருக்கையைக் காருடன் பிணைக்க இரண்டு வழிகள் உண்டு. 2002 செப்டெம்பர் 1ஆம் திகதிக்குப் பிறகு தயாரான கார்களில் ஆசனத்தின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் உலோகக் கம்பி வளையங்கள் இருக்கும். இதை யூஏஎஸ் என்றும் லாட்ச் என்றும் சொல்வார்கள். அல்லது காரின் ஆசனப்பட்டியாலேயே கட்டலாம். இரண்டும் சரியாகச் செய்தால் சமமே. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் தவிர அப்படிச் செய்யக் கூடாது. வளையங்களுக்கு எடை வரம்பும் உண்டு. பிள்ளை கனத்ததும் ஆசனப்பட்டிக்கு மாற வேண்டியிருக்கும்.

ஆசனப்பட்டியால் கட்டும்போது நம்மவர் பலர் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. பட்டியைச் செருகிப் பூட்டிய பிறகு, அதை மெதுவாக முழுநீளமும் வெளியே இழுத்து, பின் உள்ளே விடுங்கள். பெரும்பாலான கார்களில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். பட்டி இப்போது பின்னோக்கி மட்டுமே போகும், வெளியே வராது. ஒரு கையால் இருக்கையை அழுத்திக்கொண்டு மறு கையால் பட்டியை இறுக்குங்கள். சத்தம் வராத கார் என்றால், பட்டியைப் பூட்டும் முறையைக் காரின் கையேடு சொல்லும்.

சோதனை இது: பட்டி செல்லும் இடத்தில் இருக்கையைப் பிடித்து இடம் வலமாகவும் முன்பின்னாகவும் அசையுங்கள். அசைவு 2.5 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. இருக்கையின் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிவிட்டு "ஆடுகிறதே" என்று பயப்பட வேண்டாம். பின்னோக்கிய இருக்கையில் அந்தப் பகுதி சற்று அசையத்தான் செய்யும்.

முன்னோக்கிய இருக்கையானால் மேல்வாரைக் கட்டாயம் கொளுவுங்கள். டெதர் என்பார்கள். இருக்கையின் உச்சியிலிருந்து பின்னால் போகும் இந்த ஒற்றை வார்தான் மோதலின்போது குழந்தையின் தலை முன்னால் பாய்வதைக் குறைக்கிறது. எத்தனையோ கார்களில் அது பயனின்றி முதுகுப்புறம் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். கொளுவும் வளையம் எங்கே என்று காரின் கையேட்டில் பாருங்கள். சாமான் கட்டும் கொக்கியில் மாட்டிவிடாதீர்கள்.

பின்னோக்கிய இருக்கைக்குச் சரிவு முக்கியம். அதிகம் நிமிர்ந்திருந்தால் பச்சைக்குழந்தையின் தலை முன்னால் விழுந்து மூச்சுவழி மடங்கும். இருக்கையின் பக்கத்தில் சரிவைக் காட்டும் கோடு அல்லது குமிழைப் பார்த்து, காரைச் சமதரையில் நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

முடிந்ததும் ஒருவரிடம் காட்டுங்கள். கனடா சிறுவர் பயணிகள் பாதுகாப்புச் சங்கத்திடம் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவை அழைத்து, இருக்கை பரிசோதனை எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். எனக்கும் ஒருமுறை அப்படிப்பட்ட ஒருவர்தான், நான் பெருமையாகப் பூட்டியிருந்த இருக்கையில் இரண்டு பிழைகளைக் காட்டினார்.

குழந்தையைக் கட்டுவது, குறிப்பாகப் பனிக்காலத்தில்

பின்னோக்கி இருக்கும் குழந்தைக்கு வார்கள் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். முன்னோக்கி இருக்கும் பிள்ளைக்குத் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. இரண்டு தோள்வார்களையும் இணைக்கும் மார்புக் கிளிப் அக்குளின் உயரத்தில். வயிற்றுக்கு இறங்கிய கிளிப் வேண்டாம். தோளருகே வாரைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்புக் கிடைத்தால் இன்னும் இறுக்க வேண்டும். குழந்தைக்கு வலிக்குமே என்று மனம் இளகுவது இயல்பு. தொட்டிலில் போட்டுத் தூளியாட்டி வளர்த்தவர்கள் நாம். ஆனால் இறுக்கமான வார் குழந்தைக்கு வலி தருவதில்லை. தளர்ந்த வாரில்தான் மோதலின்போது உடல் முன்னால் பாய்ந்து பிறகு திடீரென்று நிற்கிறது.

இனிப் பனிக்கால அங்கி. இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் எவரும் இதைத் தாமாக ஊகிக்க முடியாது. எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஜனவரிக் குளிரில் குழந்தையைப் பஞ்சுபோல் உப்பிய அங்கிக்குள் பொதிந்து, அதன்மேல் வாரை இறுக்கிவிட்டு நிம்மதியாகப் புறப்படுகிறோம். மோதலில் அந்தப் பஞ்சு நசுங்கிவிடும். அங்கே எவ்வளவு காற்று இருந்ததோ அவ்வளவு தளர்வு வாரில் உண்டாகும். நம்பாவிட்டால் வீட்டில் சோதியுங்கள். அங்கியோடு குழந்தையைக் கட்டி இறுக்குங்கள். வாரின் நீளத்தை மாற்றாமல் பூட்டைத் திறந்து, அங்கியைக் கழற்றிவிட்டு, மறுபடி பூட்டுங்கள். வாருக்கும் நெஞ்சுக்கும் இடையே கை முழுதும் நுழையும். முதன்முறை பார்த்தபோது என் மனைவி அழுதுவிட்டார்.

செய்ய வேண்டியது எளிது. மெல்லிய கம்பளி உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்து வாரைக் கட்டுங்கள். பிறகு அங்கியைக் கைகள் நுழையும்படி முன்பக்கமாகப் போர்த்துங்கள், அல்லது ஒரு போர்வையால் மூடுங்கள். கார் சூடானதும் அதை எடுத்துவிடலாம். முதுகுக்கும் இருக்கைக்கும் இடையே தடித்த விரிப்பு எதையும் வைக்காதீர்கள். இருக்கையோடு வராத தலையணை, வார் உறை, பொம்மை தொங்கும் கம்பி போன்ற கடைச்சாமான்களுக்கும் இதுவே.

"வகுப்பேற்ற" அவசரம் வேண்டாம்

பிள்ளை நடந்தால், பேசினால், பள்ளிக்குப் போனால் நாம் கொண்டாடுகிறோம். அந்த மகிழ்ச்சியிலேயே இருக்கையையும் மாற்றிவிடுகிறோம். ஒரு வயதுப் பிறந்தநாளன்று பின்னோக்கியதை முன்னோக்கியதாக்குவது பல வீடுகளில் சடங்குபோல் நடக்கிறது. இதை நான் மன்றாடிக் கேட்கிறேன்: அவசரப்படாதீர்கள். இருக்கை விஷயத்தில் ஒவ்வொரு மாற்றமும் பாதுகாப்பில் ஒரு படி இறக்கம்.

சின்னக் குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது மிகப் பெரியது. கழுத்து எலும்புகளும் தசைநார்களும் இன்னும் இளசு. முன்னோக்கி இருக்கும்போது மோதினால் வார் உடலைப் பிடித்துக்கொள்கிறது, தலை மட்டும் முன்னால் எறியப்படுகிறது. பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு ஒன்றாகத் தாங்குகிறது. 9 கிலோ என்பது சட்டத்தின் குறைந்தபட்சக் கோடு மட்டுமே. மத்திய அரசின் வழிகாட்டல் முன்னோக்கிய இருக்கைக்கு 10 கிலோ என்கிறது. இரண்டு வயதாக வேண்டும் என்று சில உற்பத்தியாளர்களும் கேட்கிறார்கள். இங்கே கிடைக்கும் பல இருக்கைகளில் 18 கிலோ வரை பின்னோக்கி வைக்கலாம். தலை உச்சி இருக்கையின் விளிம்புக்கு 2.5 சென்ரிமீற்றர் கீழே இருக்கும்வரை, எடை வரம்பைத் தாண்டாதவரை அப்படியே விடுங்கள். "கால் மடங்கியிருக்கிறதே" என்று அம்மம்மா கவலைப்படுவார். சப்பாணி கட்டி உட்காருவது குழந்தைகளுக்கு இயல்பான இருப்புத்தான்.

பூஸ்டரிலிருந்து விடுபடுவதற்கும் இதே பொறுமை வேண்டும். எட்டாவது பிறந்தநாளன்று சட்டம் விட்டுவிடும்; பிள்ளையின் இடுப்பெலும்பு அன்றிரவே வளர்ந்துவிடாது. காரின் ஆசனத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். முதுகு பின்னால் ஒட்டியபடி முழங்கால் ஆசன விளிம்பில் மடிகிறதா? தோள்பட்டி கழுத்தில் உராயாமல் தோளின் நடுவில் செல்கிறதா? இடுப்புப்பட்டி வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் தாழ்வாகக் கிடக்கிறதா? பயணம் முழுவதும் சரியாமல் அப்படியே இருக்கப் பிள்ளையால் முடிகிறதா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் பூஸ்டர் தொடரட்டும். வயிற்றில் கிடக்கும் பட்டி குடலையும் முதுகெலும்பையும் சிதைக்கக்கூடியது. வகுப்பு நண்பர்கள் கேலி செய்கிறார்கள் என்று பிள்ளை சொன்னால், முதுகில்லாத பூஸ்டரை வாங்கிக் கொடுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

தோள்பட்டி இல்லாத, இடுப்புப்பட்டி மட்டுமே உள்ள ஆசனத்தில் பூஸ்டரைப் பாவிக்கக் கூடாது. பிள்ளை இல்லாதபோதும் பூஸ்டரைப் பட்டியால் பூட்டிவையுங்கள்; மோதலில் அது பறக்கும்.

கல்யாண மண்டபமும் டாக்சியும்

நம் குடும்பங்களில் விதி மீறப்படுவது பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு, மண்டப வாசலில். ஐந்து பேர் செல்லும் காரில் ஏழு பேர். "பக்கத்தில்தானே, சின்னவனை அக்காவின் பட்டிக்குள்ளேயே சேர்த்துக் கட்டு." ஒரு பட்டிக்கு ஒருவர் என்பது 2006 டிசெம்பரிலிருந்து ஒன்ராறியோச் சட்டம். பெரியவரும் குழந்தையும் ஒரே பட்டிக்குள் இருந்தால், மோதலில் பெரியவரின் உடலே குழந்தையை நசுக்கும். புறப்படும்போதே யார் எந்தக் காரில் திரும்புவது என்று பேசிவையுங்கள். இடமில்லாவிட்டால் இரண்டு தடவை ஓடுங்கள்.

டாக்சிகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. நகரப் பேருந்திலும் இருக்கை கேட்கமாட்டார்கள். ஆனால் டாக்சியும் சாதாரணக் கார்தான், மோதினால் அதே விசைதான். செயலி வழியே அழைக்கும் வாடகைக் கார்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உங்கள் இருக்கையைக் கையோடு கொண்டுபோய், இரண்டு நிமிடம் பொறுக்கும்படி சாரதியிடம் கேளுங்கள்.

குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியின் காரில் இயலுமானால் தனி இருக்கை ஒன்றை நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள். தினமும் கழற்றிப் பூட்டும்போதுதான் பிழை நேர்கிறது. சரியாகக் கட்டிய நிலையில் குழந்தையைப் படமெடுத்து அவர்களுடைய தொலைபேசியில் வைத்துக் கொடுங்கள். வாயால் எத்தனை முறை விளக்கினாலும் அந்தப் படத்துக்கு ஈடாகாது. பதினாறு வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைபிடிப்பதும் இங்கே குற்றம் என்பதை மாமாக்களிடம் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

விபத்துக்குப் பிறகு, காலாவதிக்குப் பிறகு

மோதலுக்கு உள்ளான காரில் இருந்த இருக்கையை மறுபடி பாவிக்காதீர்கள், அந்த நேரத்தில் குழந்தை அதில் இருக்கவில்லை என்றாலும்கூட. காப்புறுதி நிறுவனத்திடம் முறையிடும்போதே இருக்கைக்கான செலவையும் கேளுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்தது அன்று உதவும்.

காலாவதியான இருக்கையைக் குப்பைக்கு அப்படியே வைக்கவும் வேண்டாம். தெருவோரத்தில் முழுமையாகக் கிடந்தால், நேற்று வந்திறங்கிய இன்னொரு குடும்பம் நல்ல சாமான் என்று எடுத்துக்கொண்டு போகும். கத்திரியால் வார்கள் அத்தனையையும் வெட்டுங்கள். துணியை உரித்துவிடுங்கள். ஓட்டின்மேல் தடித்த மையால், ஆங்கிலத்திலும் தமிழிலும், 'பாவிக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதிய பிறகு வெளியே வையுங்கள்.